படிகளுக்குக் கீழே ஒரு நகரம்

இந்த வருஷம் கொலு வேண்டாம் என்று ரங்கநாயகி சிகாகோவிலிருந்து தீர்மானமாகச் சொல்லிவிட்டாள்.

"ஆம்பளை தனியா இருக்கற ஆத்துக்கு வெத்தலை பாக்கு வாங்கிக்க யார் வருவா? மரப்பாச்சி ரெண்டையும் எடுத்து அலமாரில வெச்சு, தினம் ஒரு டம்ளர் பாலைக் காட்டுங்கோ, போறும். பரண்ல ஏறி இடுப்பை ஒடிச்சுக்காதேங்கோ."

"சரி" என்றார் சௌந்தரராஜன். மனைவி சொல்வதற்கெல்லாம் அவர் சரி என்றுதான் சொல்வார். பிறகு தோன்றியதைச் செய்வார்.

மகள் சௌம்யாவின் பிரசவத்துக்காக ரங்கநாயகி ஜூலையில் விமானம் ஏறியவள். ஜனவரியில்தான் திரும்புவாள். தெலுங்கு நாட்டில், காஞ்சன்பாக் குவார்ட்டர்ஸின் இரண்டாம் மாடி வீட்டில் சௌந்தரராஜன் மூன்று மாதமாகத் தனியாகச் சமைத்துச் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். பாதுகாப்பு ஆராய்ச்சிக்கூடத்தில் அவருக்கு இருபத்தெட்டு வருஷ சர்வீஸ். காலையில் கேட்டில் அவருடைய டிபன் டப்பாவைக்கூடத் திறந்து பார்த்துவிட்டுத்தான் உள்ளே விடுவார்கள். சாயங்காலம் வெளியே வரும்போது ஒரு துண்டுக் காகிதம்கூடப் பையில் இருக்கக் கூடாது. உள்ளே என்ன செய்கிறார் என்பதை அவர் யாரிடமும் சொன்னதில்லை. ரங்கநாயகியும் கல்யாணமான புதிதில் இரண்டு முறை கேட்டுவிட்டு, பிறகு கேட்பதை விட்டுவிட்டாள்.

கொலுவில் மட்டும் அவருக்கென்று ஓர் இடம் உண்டு. ஒன்பது படியும் ரங்கநாயகியுடையவை. படிகளுக்குக் கீழே, தரையில், ஆறடிக்கு நாலடி பார்க் அவருடையது. வருஷாவருஷம் அங்கே ஒரு மலையோ கோயிலோ குளமோ எழும்பும். வரும் பெண்கள் படிகளைப் பார்த்து "பேஷ்" என்றுவிட்டு, குனிந்து பார்க்கைப் பார்க்கும்போது பேசாமலாகிவிடுவார்கள். உள்ளறையில் பேப்பர் படிக்கிற பாவனையில் உட்கார்ந்திருக்கும் அவருக்கு, பேச்சு நின்ற அந்த நேரம்தான் நவராத்திரி.

மகாளய அமாவாசையன்று சாயங்காலம் மரப்பாச்சியை மட்டும் எடுக்கலாம் என்றுதான் பரணில் ஏறினார். மரப்பாச்சி பெட்டியின் அடியில் இருந்தது. அதை எடுக்க மேலே உள்ளதையெல்லாம் எடுக்க வேண்டியதாயிற்று. பழைய வேஷ்டித் துண்டுகளையும் தெலுங்கு பேப்பர்களையும் பிரிக்கப் பிரிக்க, தசாவதாரமும் செட்டியார் தம்பதியும் கல்யாண கோஷ்டியும் ஒவ்வொன்றாகக் கூடத்துத் தரையில் வந்து உட்கார்ந்தன. எல்லாம் அவரையே பார்த்தன. கண் விழித்தவர்களை மறுபடி தூங்கு என்று எப்படிச் சொல்வது? கட்டிலுக்கடியிலிருந்து இரும்புப் படிகளை இழுத்தார்.

எந்தப் படியில் எது என்பது அவருக்குத் தெரியாது. உயரப்படி அடுக்கினார். கட்டையானவை முன்னால், நெட்டையானவை பின்னால்.

கீழேதான் அவர் கை நின்று வேலை செய்தது. இந்த முறை மலையும் கோயிலும் வேண்டாம் என்று தோன்றியது. ஒரு முழு நகரத்தையே கட்டினார். நடுவில் கண்ணாடிக் குளம். குளத்தின் ஒரு பக்கம் அட்டையில் நான்கு மினாரும் அதைச் சுற்றி வளையல் கடைகளும். மறுபக்கம் வெள்ளிக் காகிதம் ஒட்டிய வட்டக் கட்டடம், மாதாப்பூரில் சாஃப்ட்வேர்க்காரர்கள் வேலை செய்கிறார்களே, அந்த மாதிரி. ஒரு தீப்பெட்டி உயரத்துக்கு சினிமா தியேட்டர், அதன் வாசலில் தியேட்டரைவிடப் பெரிய ஹீரோ கட்டவுட், கழுத்தில் மாலை, ஏணியில் நின்று பாலூற்ற ஒரு ரசிகன். பிஸ்கட் பாக்கெட்டோடு இலவசமாக வந்த பிளாஸ்டிக் கிரிக்கெட் வீரர்களுக்கு ஒரு மைதானம். எதிரெதிரே இரண்டு நாற்காலி, இரண்டு கம்ப்யூட்டர் போட்டு, டீவியில் கேள்வி கேட்பார்களே, அந்த மேடை. பழைய டேப் ரிக்கார்டரின் மோட்டாரில் ஒரு ராட்டினம் மெதுவாகச் சுற்றியது. குளத்தைச் சுற்றி ரயில். தெருவெல்லாம் கடுகளவு விளக்குகள். முதல் நாளே டிரான்ஸ்பார்மர் புகைந்துவிட்டதால் ஸ்கூட்டர் பேட்டரியைக் கழற்றிக்கொண்டு வந்து இணைத்தார். அதிலிருந்து ஆபீஸுக்கு ஷேர் ஆட்டோ.

இரண்டாம் நாள் சாயங்காலம் கடலைச் சுண்டல் செய்தார். தாம்பூலத் தட்டை எடுத்துவைத்தார். கோலம்கூடப் போட்டார், புள்ளிகளுக்கு ஸ்கேல் வைத்து. வாசல் கதவைத் திறந்து வைத்துக்கொண்டு ஆறு மணியிலிருந்து காத்திருந்தார்.

யாரும் வரவில்லை.

மறுநாளும் வரவில்லை. கீழ்வீட்டு ஸ்வரூபராணியம்மா, வருஷா வருஷம் முதல் ஆளாக வருகிறவர், படியேறி மொட்டைமாடிக்குப் போகும்போது உள்ளே ஒரு பார்வை பார்த்துவிட்டு, புடவைத் தலைப்பை இழுத்துவிட்டுக்கொண்டு போய்விட்டார். ரங்கநாயகி சொன்னது சரிதான். பெண் இல்லாத வீட்டுக்குப் பெண்கள் எப்படி வருவார்கள்? சுண்டலை அவரே ராத்திரிச் சாப்பாடாகச் சாப்பிட்டார். உப்பு கரித்தது.

ஆனாலும் அவருக்கு அவ்வளவு வருத்தமில்லை. கூடத்து விளக்கை அணைத்துவிட்டுத் தரையில் குப்புறப் படுத்து, கன்னத்தைத் தரையோடு வைத்துக்கொண்டால் கண் தெரு மட்டத்துக்கு வந்துவிடும். அப்போது அது பொம்மை ஊராக இல்லை. தெளித்த கடுகு முளைவிட்டு, குளக்கரையில் பச்சைக் காடாக நின்றது. ஈர மண்வாசனை வந்தது. ராட்டினத்தின் நிழல் சுவரில் பெரிதாக ஏறி இறங்கியது. அவர் வளையல் கடைத் தெருவில் நடந்துபோவார். எந்த வீட்டில் வெங்காயம் வதங்குகிறது என்று தெரியும். தியேட்டரில் இடைவேளை மணி அடிக்கும். ரயில் வந்து நின்றால், பழைய பட்டுப்புடவை சரசரக்க யாரோ இறங்குவாள். முகத்தைப் பார்ப்பதற்குள் ரயில் நகர்ந்துவிடும். ஒவ்வொரு நாளும் போன் மணிதான் அவரை அங்கிருந்து திரும்பக் கூட்டிவந்தது.

"பால் காட்டினேளா?"

"ஆச்சு."

"மரப்பாச்சிக்குப் புதுத்துணி சுத்தினேளா?"

"ஆச்சு."

கொலு வைத்ததை அவர் சொல்லவில்லை. கேட்காததைச் சொல்லாமலிருப்பது அவருக்குக் கைவந்த வித்தை.

ஐந்தாம் நாள் சனிக்கிழமை. ஆறரை மணி சுமாருக்கு மின்சாரம் போயிற்று. குவார்ட்டர்ஸ் முழுக்க, மைதானத்துக்கு அந்தப்பக்கத்து பிளாக்குகள் வரை, இருட்டு கவிந்தது. ஃபேன்கள் நின்ற நிசப்தத்தில் குட்டி ரயிலின் ஓசை மட்டும் கேட்டது. அந்தப் பேட்டை முழுவதிலும் விளக்கு எரிகிற ஊர் அவர் கூடத்தில் மட்டும்தான் இருந்தது.

வாசலில் காலடிச் சத்தம். பிறகு, இங்கே பார் என்று அம்மாவை இந்தியில் கூப்பிடும் ஒரு சிறுமியின் குரல்: "அம்மி, இதர் தேகோ. டிரெயின்."

"ஏய், உள்ள போகாத, நில்லு" என்று பின்னாலேயே ஒரு பெண் வந்தாள். எதிர்வீட்டு நஸ்ரின். கீழக்கரைக்காரி. கணவன் அப்துல் ரஹீம் சௌந்தரராஜனின் ஆராய்ச்சிக்கூடத்திலேயே வேறு பிரிவில் வேலை. ஜூன் மாதம்தான் குடிவந்தார்கள். நோன்பு திறந்த கையோடு வந்திருந்தாள் போல, கையில் மூடி போட்ட தூக்குவாளி.

"மன்னிச்சுக்குங்க சார். மக ஓடிவந்துட்டா."

"பரவாயில்லை, வாங்கோ. ஆத்துல மாமி இல்லை. அதான்..."

"தெரியும் சார். நாலு நாளா கதவு இடுக்கு வழியாப் பாத்துக்கிட்டுத்தான் இருக்கேன். எல்லாரும் போகட்டும், பொறவு போகலாம்னு இருந்தேன். யாருமே வரக் காணோம்." அவள் குனிந்து, பிறகு முழங்காலிட்டு, நகரத்தைப் பார்த்தாள். நிறைய நேரம் பார்த்தாள். குளத்து வெளிச்சம் அவள் முகத்தில் அலைந்தது.

"எல்லாம் நீங்களே செஞ்சதா?"

"ஆமாம்."

"எங்க வூட்டுக்காரரும் உங்க ஆபீஸ்தான். கல்யாணமாகிப் பதினோரு வருசமாச்சு. அங்க என்ன செய்றாரு, ஏது செய்றாருன்னு எனக்கு ஒண்ணும் தெரியாது. கேட்டாச் சிரிப்பாரு. சரி, அந்த ஆபீஸ் ஆளு ஒருத்தரு கையால செஞ்சதையாவது கண்ணால பாப்பமேன்னு வந்தேன்."

சௌந்தரராஜனுக்கு மனைவியின் ஞாபகம் வந்தது. ரங்கநாயகி ஒவ்வொரு வருஷமும், வந்தவர்களெல்லாம் போன பிறகு, பாத்திரம் தேய்ப்பதற்கு முன்னால், இந்தப் பார்க் பக்கத்தில் வந்து சும்மா உட்காருவாள். கால்வலிக்காக உட்காருகிறாள் என்று இத்தனை வருஷம் நினைத்திருந்தார்.

அதற்குள் படியில் டார்ச் வெளிச்சங்கள் ஏறிவந்தன. ஜன்னல் வழியே ராட்டினத்தின் நிழலைப் பார்த்துவிட்டுக் குழந்தைகள் முதலில் வந்தன. குழந்தைகளைக் கூப்பிடுகிற சாக்கில் அம்மாக்கள் வந்தார்கள். ஸ்வரூபராணியம்மா வாசலில் தயங்கினார். உள்ளே நஸ்ரின் சம்மணமிட்டு உட்கார்ந்திருப்பதைப் பார்த்ததும் செருப்பைக் கழற்றினார்.

"ஏமண்டி சார், அந்த ஊருக்கு மட்டும் கரெண்ட் எப்படி?" என்றார் தன் தெலுங்குத் தமிழில்.

"ஸ்கூட்டர் பேட்டரிம்மா."

இருட்டில் பெண் உள்ள வீடு, பெண் இல்லாத வீடு என்ற வித்தியாசமெல்லாம் மங்கிப்போயிற்று. பதினைந்து பேர் நகரத்தைச் சுற்றித் தரையில் உட்கார்ந்தார்கள். ஒரு பையன் சட்டைப்பையிலிருந்து ரப்பர் டைனோசரை எடுத்து, கேட்காமலே குளக்கரைக் காட்டில் நிறுத்தினான். நஸ்ரினின் மகள் தன் பிளாஸ்டிக் மோதிரத்தைக் கட்டவுட் ஹீரோவின் தலையில் கிரீடமாக வைத்தாள். யாரோ தாம்பூலத் தட்டைக் கையிலெடுத்து வெற்றிலையைப் பங்கிட ஆரம்பித்தார்கள். அன்றும் அவர் செய்து வைத்திருந்த சுண்டலைத் தின்று பார்த்த ஸ்வரூபராணியம்மா, ஒன்றும் சொல்லாமல் அடுக்களைக்குப் போய்த் தேங்காயைத் துருவிக் கலந்து கொண்டுவந்தார்.

நஸ்ரின் தூக்குவாளியைத் திறந்தாள். "நோன்புக் கஞ்சி சார். இங்க எங்க பாத்தாலும் கறி போட்ட ஹலீம்தான், கஞ்சி கிடைக்காது. அதான் நானே காய்ச்சறேன். கறி போடல. மக உங்களுக்குக் குடுக்கணும்னு காலையிலேர்ந்து நச்சரிச்சா."

ஒரு டம்ளரில் வாங்கிக் குடித்தார். பூண்டும் வெந்தயமும் தேங்காய்ப்பாலுமாகத் தொண்டையில் இதமாக இறங்கிற்று. இருட்டில் யாரோ ஒரு அம்மாள் தெலுங்கில் மெல்லப் பாட ஆரம்பிக்க, இன்னொருத்தி அதைவிடக் கொஞ்சம் மேலே எடுத்துச் சேர்ந்துகொண்டாள்.

போன் அடித்தது.

"என்ன அங்க சத்தம்?" என்றாள் ரங்கநாயகி.

"டீவி."

"கரெண்ட் போயிடுத்துன்னு ரஹீம் சார் ஆத்துப் பொண்ணு கத்தறதே, அது எந்த டீவில? பாடறவா ரெண்டு பேருக்கும் சுருதியே சேரலையே, அது எந்த சேனல்?"

சௌந்தரராஜன் ஒப்புக்கொண்டார். "கொலு வெச்சுட்டேன்."

 மறுமுனையில் பேரக்குழந்தை சிணுங்குகிற சத்தம் கேட்டது.

"மூணாம் படில என்ன வெச்சிருக்கேள்?"

"கல்யாண கோஷ்டி."

"தசாவதாரம்?"

"ஒண்ணு ரெண்டு கீழ இருக்கு. வாமனர் குள்ளமா இருந்தார், முதல் வரிசைல..."

"பகவானே" என்றாள். ஆனால் கோபமாக இல்லை. "கீழ? உங்க பார்க்?"

அவருக்குச் சொல்லத் தெரிந்தது. முதல்முறையாக, கேள்விக்கு மேல் கேள்வி இல்லாமலே, அவர் சொல்லிக்கொண்டே போனார். குளம் எவ்வளவு அகலம், ராட்டினத்துக்கு எந்த மோட்டார், வேகத்தைக் குறைக்க என்ன செய்தார், வெள்ளிக் காகிதக் கட்டடத்துக்கு உள்ளே விளக்கை எப்படி ஒளித்தார், கடுகு என்றைக்கு முளைத்தது, இப்போது குளக்கரையில் ஒரு டைனோசர் நிற்பது வரை. பாட்டு ஓய்ந்து பெண்களும் கேட்டுக்கொண்டிருந்ததை அவர் கவனிக்கவில்லை.

"ராத்திரிக்கு என்ன சாப்பிட்டேள்?" என்றாள் கடைசியில்.

"கஞ்சி."

"ஏன், உடம்பு சரியில்லையா?"

"இல்லை. நன்னா இருந்தது."

அவள் சிரித்தாள். "போனைக் கீழ தரையில வெச்சுடுங்கோ. கட் பண்ணிடாதேங்கோ. நான் கொஞ்ச நேரம் கேட்டுண்டு இருக்கேன்."

கம்பியை நீட்டி, குளக்கரைக்குப் பக்கத்தில் ரிசீவரைக் கிடத்தினார். பெண்கள் மறுபடி பாடினார்கள்.

அடுத்த மூன்று நாளும் கூடத்தில் கால்வைக்க இடமில்லை. ஸ்வரூபராணியம்மா படிகளைக் கலைத்து, போனில் ரங்கநாயகி சொல்லச் சொல்லத் திரும்ப அடுக்கினார். அஷ்டமியன்று குவார்ட்டர்ஸ் பெண்கள் தங்கேடு, சாமந்தி, குனுகு என்று கோபுரம் கோபுரமாகப் பூவை அடுக்கிய பதுகம்மாக்களை மைதானத்தில் வைத்துக் கைகொட்டிச் சுற்றினார்கள். மைதானத்து ஓரம் சிமெண்டுத் தொட்டி ஒன்று உண்டு. அதில்தான் பூவை விடுவார்கள். அந்தத் தொட்டியைச் சுற்றி விளக்குப் போட்டுத் தர முடியுமா என்று முந்தின நாளே அவரை வந்து கேட்டிருந்தார்கள். அஷ்டமியன்று மத்தியானமே அரைநாள் லீவு போட்டுவிட்டு வந்து, சட்டைக் கையை மடித்துக்கொண்டு, நூற்றெட்டுச் சிறு பல்புகளை வரிசையாகக் கட்டினார். அப்துல் ரஹீம் ஏணியைப் பிடித்துக்கொண்டான். ஆபீஸில் வருஷக்கணக்காகத் தலையை மட்டும் ஆட்டிக்கொண்டிருந்த இருவரும் அன்று வயரைப் பற்றி இரண்டு மணி நேரம் பேசினார்கள்.

இருட்டும் முன்பாக சுவிட்சைப் போட்டார். தொட்டித் தண்ணீர் முழுக்க விளக்குகள் இறங்கி நின்றன. பெண்கள் ஒவ்வொருவராகப் பூக்கோபுரத்தைத் தண்ணீரில் விட, அவை மஞ்சளும் ஊதாவுமாக, விளக்குகளுக்கு நடுவே மெல்லத் திரும்பித் திரும்பி மிதந்துபோயின. ஸ்வரூபராணியம்மா ரொட்டியும் வெல்லமும் பிசைந்த மலீத உருண்டை ஒன்றை அவர் கையில் வைத்தார். நஸ்ரின் தனக்குக் கொடுத்ததைத் தலைப்பில் முடிந்துகொண்டாள். நோன்பு திறக்கப் பாங்கு சொல்ல இன்னும் ஐந்து நிமிஷம் இருந்தது.

சௌந்தரராஜன் உருண்டையை வாயில் போட்டுக்கொண்டார். உள்ளறையில் போய் உட்கார வேண்டும் என்று தோன்றவில்லை. எல்லோருக்கும் நடுவில், விளக்கு வெளிச்சத்தில், பூக்கள் ஒன்றையொன்று முட்டிக்கொண்டு நிற்பதைப் பார்த்தபடி நின்றார்.