விலையில்லாப் பயிர்

சேரன்மகாதேவிப் பக்கம் நேசையா அண்ணாச்சிக்கு வயலும் உண்டு, ஓர் அரிசி ஆலையும் உண்டு. ஆலை பூட்டிக் கிடந்தது. துபாயில் கம்பெனி வைத்திருக்கும் காயல்பட்டினத்து ரசீத் பங்கு சேர்ந்தால் ஓடும். இல்லையென்றால் விற்றுத் தொலைக்க வேண்டியதுதான். ஆனால் ரசீத் சர்வதேசக் கணக்குமுறையில் எழுதிய கணக்கைத்தான் பார்ப்பார். அந்த முறையில் ஒரு வேடிக்கை உண்டு. அறுத்த நெல்லுக்கு மட்டுமல்ல, வயலில் நிற்கிற பயிருக்கும் மார்ச் கடைசியில் மதிப்புப் போட வேண்டும்.

கணக்கெழுதும் கெசியா மூன்று பேரும் இருக்கிற வாட்ஸ்அப் குழுவில் கேட்டாள்: "அண்ணாச்சி, நிக்க பயிருக்கு நியாய விலை என்னன்னு போடுங்க."

அண்ணாச்சிக்கு ஒரே யோசனை. துபாய்க்காரருக்கு எதற்கு நியாய விலை? கேட்டால் கெசியா சிரிப்பாளோ என்று கூச்சம். செருப்பை மாட்டிக்கொண்டு நேரே நியாய விலைக் கடைக்குப் போனார். பலகையில் சர்க்கரைக்கு விலை இருந்தது, பருப்புக்கு இருந்தது. அரிசிக்கு மட்டும் 'விலையில்லா அரிசி' என்றிருந்தது. மனுஷன் பொய் சொல்லத் தெரியாதவர். 'பயிர்: விலையில்லை' என்று குழுவில் போட்டுவிட்டார்.

பெருநாளுக்கு ஊர் வந்திருந்த ரசீத் அதைப் பார்த்துவிட்டு மறுநாளே காரில் வந்து வரப்பில் நின்றார். கெசியாவும் அடித்துப் பிடித்து வந்து சேர்ந்தாள். பிந்தி நட்ட பிசானப் பருவ நெல், கதிர் கனத்துத் தலை சாய்ந்து நின்றது.

"என்ன அண்ணாச்சி, இப்பிடி வெளைஞ்சு நிக்கி, விலையில்லன்னு போட்டிருக்கிய?" என்று கேட்டார் ரசீத்.

"ரேசன் கடையில சும்மாத்தான தாரான் தம்பி. பலகையப் பாத்துத்தான் எழுதுனேன். வாங்க, காட்டுதேன்."

கெசியா தலையில் கை வைத்தாள். "அய்யோ, அந்த நியாய விலை இல்ல அண்ணாச்சி!"

ரசீத் சிரித்த சிரிப்பில் வரப்பிலேயே உட்கார்ந்துவிட்டார். அண்ணாச்சிக்கு முகம் சுண்டிப்போயிற்று. ஆலை கைவிட்டுப் போயிற்று என்றே நினைத்தார். ஆனாலும் கேட்காமல் இருக்க முடியவில்லை.

"அப்ப எந்த நியாய விலை?"

"அன்னைக்குச் சந்தை நெலவரத்துல, யாரும் யாரையும் நெருக்காம, வாங்குதவரும் விக்கவரும் சம்மதிக்கிற வெல," என்றாள் கெசியா.

"விக்கவனும் சம்மதிக்கணுமா?"

"ஆமா."

"அப்பிடியா எழுதியிருக்கு? எந்த ஊர்க்காரன் எழுதுனான்?"

"லண்டன்ல."

ரசீத் கண்ணைத் துடைத்துக்கொண்டு எழுந்தார். "கணக்கக் கூட்டி எழுதுத ஆளத்தான் நான் பாத்திருக்கேன். தன் பயிருக்கே விலையில்லன்னு எழுதுன ஆளு நீங்கதான். ஆலையில நான் பங்கு சேருதேன். இப்பச் சொல்லுங்க, ஒங்களுக்குச் சம்மதமான வெல எது?"

அண்ணாச்சி ஒரு கதிரைப் பிடித்து உள்ளங்கையில் உருவினார். இத்தனை வருஷமும் வியாபாரி ஒரு விலை சொல்வான், இவர் தலையாட்டுவார்.

"கொஞ்சம் பொறுங்க தம்பி," என்றார். "இத எங்கிட்ட இதுவரைக்கும் யாரும் கேட்டதில்ல."