காரணத்துக்கு ஒரு வரி

உண்மையைச் சொல்ல மனிதனுக்கு ஒரு வரி போதும், இரண்டாவது வரி தொடங்கும்போதே பொய்யும் தொடங்கிவிடுகிறது, மனித சிந்தனை வரலாற்றில் இதை முதன்முதலில் கண்டுபிடித்தவன் நான், கண்டுபிடித்த இடம் மூன்றாம் மாடி, ஜன்னலை ஒட்டிய இருக்கை, வீடியோ தளத்தின் காப்புரிமைப் புகார்ப் பிரிவு… நாளொன்றுக்கு அறுபது புகார், என் பாட்டைத் திருடிவிட்டான், என் கடைச் சின்னத்தைப் போட்டுக்கொண்டு அவன் வியாபாரம் பண்ணுகிறான், நடுவில் நான், எதிரில் இரண்டு பட்டன், எடு, விடு, எடு என்றால் வீடியோ தளத்தை விட்டே போய்விடும். அப்படி வீடியோவை இழந்தவர்கள் மறுப்பு எழுத ஒரு கட்டம் உண்டு, அதில் கேட்பது ஒன்றே ஒன்று, இது உன்னுடையது என்பதற்கு என்ன ஆதாரம், அதற்கு அவர்கள் எழுதுகிற அழகைப் பார்க்கவேண்டும், ஐயா வணக்கம், வீட்டுக்காரருக்கு வேலை போய் எட்டு மாதம், தம்பி சொன்ன பேச்சைக் கேட்பதில்லை, எனக்கு மூன்று நாளாகப் பல்வலி… பல்வலிக்கும் பின்னணி இசைக்கும் என்ன சம்பந்தம்? வாரக் கடைசியில் தரமான பல்வலிகளாகப் பொறுக்கி மேசை மேசையாக ஏற்ற இறக்கத்தோடு வாசித்துக் காட்டுவது என் பொறுப்பு, யாரும் கொடுக்கவில்லை, நானே எடுத்துக்கொண்டது. எல்லோரும் சிரிப்பார்கள், பக்கத்து இருக்கைக்காரி மட்டும் சிரிக்கமாட்டாள், சட்டப் படிப்பைப் பாதியில் விட்டு வந்ததால் நாங்கள் வக்கீல் என்று கூப்பிடுகிறவள், "உனக்கெல்லாம் பல்லே இல்லாம போகணும்டா" என்பாள், நான் அதையும் ஒரு வரி என்பதால் பாராட்டுவேன்.

இப்போது மணி மூன்று ஐம்பத்திரண்டு, மூச்சு உள்ளே போகிறது, வெளியே வருகிறது, இரண்டும் நடப்பதே பெரிய விஷயமாகத் தெரிகிறது… சேனலைத் திருப்பிக் கொடுத்தாகிவிட்டது. கணக்கு டீச்சரின் சேனல். முகம் தெரியாது, வீடியோவில் கை மட்டும்தான் வரும், வெள்ளைப் பலகை, பச்சைப் பேனா, மூலையில் சிரிக்கிற முக்கோணம், அது அவர் பதிவு செய்து வைத்திருக்கும் சின்னம். டியூஷன் சென்டர்காரன் ஒருவன் பாடத்தையும் முக்கோணத்தையும் சேர்த்தே தூக்கித் தன் சேனலில் போட்டுக்கொள்ள, டீச்சர் புகார் அனுப்பியிருக்கிறார். புகாரில் இரண்டு கட்டம், அசலின் லிங்க் ஒன்றில், நகலின் லிங்க் இன்னொன்றில், பதற்றத்தில் பத்துப் பேரில் ஒருவர் மாற்றி ஒட்டிவிடுவார், அதனால் பட்டனைத் தொடுமுன் எந்த வீடியோ முதலில் ஏறியது என்று தேதி பார் என்பது எங்கள் பிரிவின் முதல் பாடம், புதிதாகச் சேர்கிறவர்களுக்கு அந்தப் பாடத்தை நடத்துவது யார்? நான்தான். டீச்சர் மாற்றி ஒட்டியிருந்தார், நான் தேதி பார்க்கவில்லை. டியூஷன்காரனின் வீடியோ அவ்வளவு நேர்த்தி, முன்னால் இசை, பின்னால் நன்றி, டீச்சருடையதில் நடுவே குக்கர் விசில் அடித்தது, அவன் அதைக்கூட வெட்டி எடுத்திருந்தான், இவ்வளவு மெனக்கெடுகிறவன் திருடனாக இருப்பானா… பதினொன்றே காலுக்கு, புகார் கொடுத்தவரின் வீடியோவையே எடுத்தேன். அந்தத் திருடன் முந்திக்கொண்டு கொடுத்த புகார்களால் டீச்சருக்கு ஏற்கனவே இரண்டு கரும்புள்ளி, மூன்றாவது விழுந்தால் சேனலே மூடிக்கொள்ளும், மூடிக்கொண்டது, ஆறு வருடப் பாடம் போயிற்று, நாளைக் காலையில் பிள்ளைகளுக்குப் பரீட்சை, இன்று நான்கு மணிக்கு நேரலையில் கடைசி வகுப்பு.

மதியத்துக்குமேல் 'எங்க டீச்சர் எங்கே' என்று பிள்ளைகளின் கடிதம் நானூறு வந்தபோது வக்கீல்தான் திரும்பினாள், "தேதி பாத்தியாடா?" "பாத்தேனே." "எந்தத் தேதி?" "இன்னைக்குத் தேதி." அவள் நேராக டீம் லீடரிடம் போனாள், அவருக்கு நாங்கள் வைத்த பெயர் நிதானம், தீயணைப்புப் பயிற்சியன்றுகூட டீயைக் குடித்து முடித்துவிட்டு இறங்கியவர், அந்த நிதானம் ஓடினார், மாடிப்படியில், மேலே மீட்டிங்கில் இருந்த பெரியவரின் அனுமதிக்காக, ஓடுவார் என்றே எங்களுக்குத் தெரியாது. திரும்பி வந்து மேசையைப் பிடித்துக்கொண்டு நின்றார், "சேனலைக் குடுத்தாச்சு, அவங்க பக்கத்துல தெரிய கொஞ்ச நேரம் ஆகும், எப்படி ஆச்சுன்னு காரணம் எழுதி மேல அனுப்பு." எவ்வளவு சார் எழுதணும்? "ஒரு வரி போதும்பா." என் கொள்கையை என்னிடமே சொல்லிவிட்டுப் போனார்.

எழுதியும்விட்டேன், ஒரே வரி, புகார்தாரர் கட்டங்களை மாற்றி நிரப்பியதால் நேர்ந்தது, பொய் கலக்காத சுத்தமான உண்மை… அனுப்புமுன் டீச்சரின் பக்கத்தை மறுபடி தட்டினேன், சாம்பல் நிறம், மறுபடி, சாம்பல், மணி மூன்று ஐம்பத்தேழு, ஐம்பத்தெட்டு, வந்தது, முக்கோணம் வந்தது, சிரித்துக்கொண்டே வந்தது, வகுப்புக்குப் பன்னிரண்டு பேர், தொண்ணூறு, அறுநூற்று நாற்பது, எங்கிருந்து இத்தனை பிள்ளைகள், உட்காருங்கள் செல்லங்களே, எல்லோரும் உட்காருங்கள், என் சட்டை முதுகோடு ஒட்டியிருப்பது இப்போதுதான் தெரிகிறது, பசிக்கிறது, மதியம் சாப்பிடவில்லை, பசிப்பது இவ்வளவு சுகமா? பச்சைப் பேனா பிடித்த கை வந்தது. "சத்தம் கேக்குதா பிள்ளைங்களா? காலைலேர்ந்து நம்ம சேனல் காணாம போயிருச்சு. நான்தான் ஏதோ தப்பா அமுக்கிட்டேன் போல. மன்னிச்சுக்கோங்க, சரி, எட்டாவது கணக்கு."

நான்தான். டீச்சர் என்னைவிடக் குறைவான வார்த்தையில் சொல்லிவிட்டார், அதுவும் தப்பாக… தப்புதானா? கட்டத்தை மாற்றினார்தான், ஆனால் என் வரியும் அதையேதான் சொல்கிறது, உண்மையைத்தான் சொல்கிறது, பிறகு ஏன் படிக்கக் கூசுகிறது? அழித்தேன். நான் தேதி பார்க்கவில்லை என்று அடித்தேன், நின்றேன், ஏன் பார்க்கவில்லை என்று மேலே படிப்பவர் கேட்பாரே, கேட்காமல் இருப்பாரா? காலையில் வீட்டில், நான் இருப்பது அக்கா வீட்டில், அத்தான் தட்டிலிருந்து நிமிராமல், "பட்டன் அமுக்குறதுக்கு ஒரு டிகிரியா மச்சான்?" என்றார், அதுகூடப் பரவாயில்லை, அக்கா சிரித்தாள். பதினொன்றே காலுக்கு என் மூளையில் ஓடிக்கொண்டிருந்தது அவருக்கான பதில், மூன்று மணி நேரம் யோசித்த பதில், அது சிக்கிய சந்தோஷத்தில் விரல் தானாக இறங்கிவிட்டது… எல்லாவற்றையும் அடித்து முடித்து எண்ணினால் ஏழு வரி. இதில் எது பொய்? தேடிப் பார்த்துவிட்டேன், ஒன்றும் அகப்படவில்லை, அப்படியானால் இத்தனை வாரம் நான் மேசை மேசையாக வாசித்ததெல்லாம்… வக்கீல் எட்டிப் பார்த்தாள், "என்னடா இவ்ளோ நேரமா அடிக்கிற?" ஒன்றுமில்லை என்று திரையை லேசாக என் பக்கம் திருப்பிக்கொண்டு, மேலே போய் 'ஐயா வணக்கம்' சேர்த்தேன், கீழே வந்து, அக்காவுக்கு ரத்த அழுத்தம் இருப்பதையும் சேர்த்தேன்.