தணிக்கையில் வெட்டுப்பட்டவள்

ரிஃபாத் லம்லூமின் நான்காவது படத்திலிருந்து தணிக்கைக்காரர்கள் வெட்டி எறிந்த பெண், மறுநாள் காலை ஷுப்ராவில் எங்கள் தெருவுக்கு வந்து சேர்ந்தாள். கறுப்பு வெள்ளையாகவே வந்தாள். படத்தில் இடிந்த வீட்டின் முன்னால் நின்று கேட்டதை இங்கே ஹாஜி தஸூக்கியின் வாசலில் நின்று கேட்டாள்: “நாலு மாடிக்குப் போட்ட அஸ்திவாரத்துல ஏழு மாடி ஏத்தியிருக்கியே, உள்ள இருக்கிறது மனுஷங்களா, மூட்டையா?”

ஹாஜியின் வீட்டுக்கு எதிரே நின்ற கட்டடமும் ஹாஜியுடையதுதான். மகனுக்குக் கல்யாணம் என்றால் மேலே ஒரு மாடி எழுப்புவது எங்கள் ஊர் வழக்கம்; அதற்காகவே மொட்டை மாடியில் கம்பிகளை நீட்டி விட்டிருப்போம். ஹாஜிக்கு மகன்கள் அதிகம். அனுமதி தருகிறவர்களுக்குக் கை அரிப்பும் அதிகம்.

ரிஃபாத்தின் முதல் மூன்று படங்களும் விவாகரத்துச் சட்டத்தையும் ரொட்டி வரிசையையும் அரசு ஆஸ்பத்திரியையும் கிழித்தவை. அவற்றையும் கத்தரித்தார்கள். இவளைக் கத்தரித்த பிறகு மிஞ்சியது காதலும் பாட்டும்தான். படம் அமோகமாக ஓடியது, வெட்கக்கேடு. அவளைத் திரும்ப அழைத்துக்கொள்ளாவிட்டால் இனிப் படமே எடுக்க முடியாது என்று அதிகாரிகள் மிரட்டினார்கள்.

“அவள வெட்டினது நான் இல்ல. வெட்டினவங்களே வந்து கூட்டிட்டுப் போகட்டும்” என்றார் ரிஃபாத்.

வந்து இழுத்தார்கள். அவள் அசையவில்லை. அதன் பிறகு ரிஃபாத் கேமராவைத் தொடவே இல்லை. எதிர்க் கட்டடத்தில் கதவு கதவாகத் தட்டி, காலி செய்யுங்கள் என்று கெஞ்சினார். மூன்றாம் மாடியில் குடியிருந்த நபவீய்யா, “வேற வீடு நீங்க பாத்துத் தருவீங்களா, உஸ்தாத்? இல்லேன்னா அந்தச் சாம்பல்காரியக் கூட்டிக்கிட்டுக் கிளம்புங்க” என்றாள். தெருவே சிரித்தது. அவரவர் மாடியிலும் கம்பி நீட்டிக்கொண்டிருந்தது.

கடைசி மகனுக்காக எட்டாவது மாடி எழுந்தது. கட்டடம் ஒரு காலை விழுந்தது. நபவீய்யா ரொட்டி வாங்கப் போயிருந்தாள். அவளுடைய இரண்டு பெண்களும் உள்ளே இருந்தார்கள். கேஸ் சிலிண்டர் வெடித்ததாகப் பத்திரிகைகள் கூசாமல் எழுதின. ஹாஜியின் வாசலில் இப்போது இரண்டு பேர் நின்று அதே கேள்வியைக் கேட்டார்கள். நாற்பதாம் நாள் துக்கம் முடிவதற்குள் நபவீய்யாவும் நிறம் வெளுத்துச் சாம்பலாகியிருந்தாள்.

அதிகாரிகள் மறுபடி வந்து இழுத்தபோது, இந்த முறை ஒருத்தி பெயர்ந்து வந்தாள். பிலிமைச் சுருட்டுவதுபோல் அவளைச் சுருட்டத் தொடங்கினார்கள்.

“அது படம் இல்லய்யா, பொம்பள. பெத்த புள்ளைங்கள பறிகொடுத்தவ” என்று ரிஃபாத் குறுக்கே விழுந்தார்.

“தடைன்னா எல்லாத்துக்கும் தடைதான், உஸ்தாத்.”

நபவீய்யாவைப் பிலிம் வைக்கும் தகர டப்பாவில் அடைத்து, தணிக்கை அலுவலக அலமாரியில் வைத்திருக்கிறார்கள். காலையில் டப்பாவுக்குள்ளிருந்து அதே கேள்வியைக் கேட்கும் குரல் வரும். குமாஸ்தாக்கள் ரேடியோவைக் கொஞ்சம் சத்தமாக வைத்துக்கொண்டு வேலை பார்க்கிறார்கள்.