எம்டன் வருஷத்துப் பிள்ளைகள்

"இத்தோட ஏழு பேரு ஆச்சு," என்று பேனாவைக் காதில் செருகினார் குமாஸ்தா பக்தவச்சலம். "ஏழு பேரும் எம்டன் குண்டு போட்ட வருஷம் பொறந்தவனுங்களாம். அந்த வருஷம் மெட்ராஸ்ல பொம்பளைங்களுக்கு வேற வேலையே இல்லியாய்யா?"

வரிசையில் நின்ற பதினோரு பேரில் பத்துப் பேர் சிரித்தார்கள். சௌக்கத் அலி சிரிக்கவில்லை. அவன் ஒன்பதாவது ஆள். அவனும் அதைத்தான் சொல்ல வந்திருந்தான்.

விஷயம் இதுதான். ராயபுரத்தில் கப்பல் சரக்கு இறக்கும் ஒரு கம்பெனி, தன் ஒர்க்‌ஷாப்புக்கு நாலு கலாசிகளை நிரந்தரமாக எடுக்கப்போவதாகச் சொல்லியிருந்தது. கயிறு, கப்பி, சங்கிலி போட்டுக் கனத்தைத் தூக்கத் தெரிந்த ஆள் வேண்டும். வயது நாற்பதைத் தாண்டக் கூடாது. அது ஐம்பத்து நாலாம் வருஷம். நாற்பது வருஷத்துக்கு முந்தி ஜெர்மன்காரன் கப்பல் எம்டன் வந்து துறைமுகத்தில் குண்டு வீசி, எண்ணெய் டாங்கிகளைக் கொளுத்திவிட்டுப் போனது. பிறந்த தேதிக்குக் காகிதம் வைத்திருக்கிறவன் அந்த வரிசையில் ஒருத்தனும் இல்லை. அதனால் எல்லோரும் எம்டன் வருஷத்துப் பிள்ளைகள் ஆகிவிட்டார்கள். முன்னால் நின்ற உச்சிமாகாளி மீசைக்கு விளக்குக் கரியைப் பூசி வந்திருந்தான். வேர்வையில் அது உதட்டுப் பக்கம் இறங்கிக்கொண்டிருந்தது.

சௌக்கத் அலிக்கு உண்மையில் நாற்பத்தைந்து. இருபத்தைந்து வருஷமாகத் துறைமுகத்தில் தினக்கூலிக் கலாசி. காலையில் மேஸ்திரி வந்து விரலை நீட்டி ஆள் பொறுக்குவான். இந்த இரண்டு வருஷமாக அந்த விரல் அவனைத் தாண்டி இளவட்டங்களிடம் போய்க்கொண்டிருந்தது. வாரத்தில் மூன்று நாள் வேலை என்பது இரண்டு நாள் ஆகி, இந்த மாதம் ஒரு நாளில் நின்றது. வாயும் ஒரு காரணம். அவன் எதையும் நம்பமாட்டான். கயிற்றை இழுத்துப் பார்ப்பான், மேஸ்திரி சொன்ன எடையைச் சந்தேகப்படுவான், வீட்டுச் சொம்புத் தண்ணீரைக்கூட ஒருதரம் மோந்து பார்த்துவிட்டுத்தான் குடிப்பான். இந்த வேலையும் ஏற்கெனவே யாருக்கோ பேசி முடித்தாகிவிட்டது, சும்மா கண்துடைப்புக்குக் கூப்பிட்டிருக்கிறார்கள் என்றுதான் நின்றுகொண்டிருந்தான்.

வயதுக்கான யோசனை மனைவி ரசூல் பீவியுடையது. அன்று காலை தெருக்குழாயில் குடம் நிறைகிற வரைக்கும் சொல்லிக்கொடுத்தாள்.

"உங்க தம்பி பொறந்த கதைய உங்க கதையா சொல்லிடுங்க. அவ்ளோதான்."

"செத்த கொயந்தையோட வயசைத் திருடச் சொல்றியா?"

"பத்தொம்பது நாள் இருந்தான் பாவம். மீதி வருஷமெல்லாம் சும்மாத்தானே கெடக்குது? அண்ணன் கேட்டா தரமாட்டானா?" குடத்தை இடுப்பில் ஏற்றிக்கொண்டாள். "தெனைக்கும் அவன் படுத்துக்கினு இருக்கிற ஏரித் தண்ணியத்தானே குடிக்கிறோம். அன்னியனா அவன்?"

அது நிஜம். எம்டன் சுட்ட மறுநாள் ஊரே மூட்டை கட்டியது. நிறைமாதமாக இருந்த அவன் அம்மாவும் ஓடினாள். புழல் ஏரிக்கரையில் ஒரு மரத்தடியில் ரஷீது பிறந்தான். பத்தொன்பதாம் நாள் அங்கேயே அடக்கம். அந்த ஏரித் தண்ணீர்தான் குழாயில் ராயபுரத்துக்கு வருகிறது.

முதலில் கயிறு பரீட்சை. போர்மேன் வால்டர் துரை, கூன் விழுந்த ஆங்கிலோ-இந்தியச் சட்டைக்காரர், ஆளுக்கொரு துண்டு இரும்புக் கயிற்றைக் கொடுத்து முனையை மடக்கிப் பின்னி வளையமாகக் கண் போடச் சொன்னார். முன்னால் போன எட்டுப் பேரும் வாங்கினோமா பின்னினோமா என்று வேலையை முடித்தார்கள். சௌக்கத் அலி மடக்கிப் பார்த்தான், புரியைப் பிரித்து உள்ளே விரலை விட்டான்.

"உள்ள துருப் புடிச்சிருக்குது தொரை. இதுல கண்ணு போட மாட்டேன். வேற குடு."

"டெஸ்ட்டுக்குத்தானே மேன்? யார் தலையில வுழப்போவுது?"

"டெஸ்ட்டுன்னா துருவுக்குத் தெரியுமா?"

வால்டர் வேறு கயிறு கொடுத்தார். சௌக்கத் அலி போட்ட கண்ணை இரண்டு தரம் திருப்பிப் பார்த்தார். அப்புறம்தான் வயது.

"எம்டன் வருஷம்," என்றான் சௌக்கத் அலி. ஆரம்பித்ததும் கதை தானாக வந்தது. "எங்கம்மா ஓடிக்கினே இருந்தா தொரை. புழல் ஏரிக்கரையில வலி வந்துச்சு. ஒரு கிழவிதான் பாத்துச்சு."

"புழல் வரைக்குமா புகை தெரிஞ்சிருக்கும்?" என்று வால்டர் சும்மாதான் கேட்டார்.

"தெரியாம? கரி வாரி வானத்துல பூசினாப்போல இருந்துச்சு. எங்கம்மா முந்தானையப் புடிச்சிக்கினு திரும்பித் திரும்பிப் பாத்துக்கினே நடந்தேன். கால்ல முள்ளு..."

நிறுத்திக்கொண்டான். பக்தவச்சலத்தின் பேனா அந்தரத்தில் நின்றது. பிறகு உச்சிமாகாளி, "இன்னா மாமு, ஜன்னல் வெச்ச வவுறா உங்கம்மாவுக்கு?" என்றான். முற்றம் முழுக்கச் சிரிப்பு வெடித்தது.

சௌக்கத் அலி கையிலிருந்த, கயிற்றுப் புரி பிரிக்கிற கூர் இரும்பைப் பெஞ்சியின் மேல் வைத்தான்.

"பொறந்தது என் தம்பி. ரஷீதுன்னு பேரு. பத்தொம்பது நாள்ல போய்ட்டான். எனக்கு அப்ப அஞ்சு வயசு. இப்ப நாப்பத்தஞ்சு. எய்திக்கோ."

சட்டையை எடுத்துக்கொண்டு கிளம்பினான். "யோவ், டாக்டரைப் பாத்துட்டுப் போ. வந்தவங்க எல்லாரும் பாக்கணும்னு உத்தரவு," என்று பக்தவச்சலம் பின்னாலேயே கத்தினார். டாக்டர் பல்லைப் பார்த்தார், முதுகில் தட்டிப் பார்த்தார், போ என்றார்.

பன்னிரண்டாம் நாள் தபால் வந்தது. இங்கிலீஷ் கடுதாசி. தெருமுனைத் தையல்காரரிடம் படிக்கச் சொன்னான். அவர் சொன்னதை நம்பாமல் மாதாகோயில் தெருவுக்குப் போய் ஒரு வாத்தியாரிடமும் படிக்கச் சொன்னான். இரண்டு பேரும் ஒன்றையே சொன்னார்கள். கலாசி வேலை, நிரந்தரம், ஒன்றாம் தேதி காலை எட்டு மணிக்கு வரவும். வயது: நாற்பது.

ரசூல் பீவி முந்தானையால் கண்ணைத் துடைத்தாள். அவன் முகம் மட்டும் கடுகடுவென்று இருந்தது.

"எவன் செஞ்சான் இத? எதுக்குச் செஞ்சான்? நாளைக்கு வந்து இன்னா கேப்பான்?"

"நல்லது செஞ்சவனைப் போலீஸ் கணக்கா தேடுறீங்களே! போய்க் கேளுங்க. வெறுங்கையோட போவாதீங்க."

ஒன்றாம் தேதி விடிந்ததும் ஒரு தூக்கு நிறையச் சேமியாப் பாயசம் போட்டுக் கொடுத்தாள். செஞ்சது யார் என்று தெரிந்தால் கொடுக்கலாம். தெரியாவிட்டால் கையெழுத்துப் போடாமல் திரும்பிவிடுவது என்று நினைத்துக்கொண்டுதான் அவன் போனான்.

டாக்டர் அப்போதுதான் சைக்கிளை நிறுத்திக்கொண்டிருந்தார். "பல்லைப் பார்த்தேன், நாற்பது தோணிச்சு, எழுதினேன்," என்றார்.

"மூணு பல்லு இல்லியே டாக்டரு."

"நாற்பது வயசில் மூணு பல் போகக் கூடாதா? என்கிட்ட யாரும் ஒண்ணும் சொல்லலைப்பா."

வால்டர் துரை இடது காதைத் தட்டிக் காட்டினார். "இது கேக்காது மேன். இஞ்சின் ரூம்ல போச்சு. அன்னிக்கி நீ இன்னா பேசினே, எனக்குத் தெரியாது. கயிறு கெட்டுப்போச்சுன்னு சொன்னே பாரு, அது இந்தக் காதுல வுழுந்துச்சு." வலது காதைத் தொட்டார்.

பக்தவச்சலம் நிமிர்ந்தே பார்க்கவில்லை. "நான் எழுதுறவன். டாக்டர் இன்னா போட்டாரோ அதைப் பாத்து எழுதினேன்."

"நான் நாப்பத்தஞ்சுன்னு சொன்னேனே சார். காதால கேட்டீங்களே."

இப்போது நிமிர்ந்தார். "கேட்டேன். நான் மட்டுமா? உன்னோட நின்னவன் பத்து பேரு கேட்டான். அதுல ஏழு பேருக்கு வேலை கெடைக்கலை. அந்த ஏழு பேர்ல ஒருத்தன் மேலிடத்துக்கு ஒரு மொட்டைக் கடுதாசி போட்டிருந்தா நீயும் காலி, நாங்களும் காலி. ஒருத்தனும் போடலை. என்னை இன்னாய்யா கேக்கிறே? போ, அவனுங்களைப் போய்க் கேளு."

சௌக்கத் அலி தூக்கைக் கையில் பிடித்தபடி நின்றான். ஏழு பேரின் முகங்களை ஞாபகப்படுத்திப் பார்த்தான். ஒரு முகம்தான் வந்தது, கரி வழிந்த மீசையோடு. மற்ற ஆறு பேரை அவன் சரியாகப் பார்க்கக்கூட இல்லை. வேலையைப் பறிக்க வந்தவர்கள் என்றுதான் அன்றைக்கு அவர்கள் பக்கம் முகத்தைத் திருப்பாமல் நின்றான். அவர்களில் யார் வீட்டில் இந்த மாதம் எத்தனை நாள் அடுப்பு எரிந்ததோ. நாற்பத்தைந்து வருஷத்தில் முதல் தடவையாக, யாரைப் பார்த்துக் கும்பிடுவது என்று தெரியாமல் தவித்தான்.

"கையெழுத்துப் போடுறியா, மாட்டியா?"

பேர் எழுத மட்டும் தெரியும். போட்டான். பக்தவச்சலம் நம்பர் வெட்டின பித்தளை வில்லையை நகர்த்தினார். அவன் தூக்கைத் திறந்து மேஜைமேல் வைத்தான். டாக்டர் ஒரு கிளாஸ் குடித்தார், வால்டர் இரண்டு, பக்தவச்சலம் வேண்டாம் வேண்டாம் என்று மூன்று. குடிக்கிறபோது எவன் முகத்திலாவது 'நான்தான் செய்தேன்' என்ற உரிமை தெரிகிறதா என்று சௌக்கத் அலி உற்றுப் பார்த்தான். மூன்று பேர் முகத்திலும் சர்க்கரைதான் தெரிந்தது.

சங்கு ஊத நேரம் இருந்ததால் மீதிப் பாயசத்தோடு வெளியே வந்தான். கேட்டடியில் தினக்கூலிக் கும்பல் நின்றது. அதில் உச்சிமாகாளியும் இருந்தான். இன்றைக்கு மீசை நரைத்தபடியே இருந்தது.

"இன்னா ஜன்னல் மாமு, உள்ள போய்ட்டியாமே?"

சௌக்கத் அலி தூக்கை நீட்டினான். "நீ ஏன் சொல்லலை?"

"இன்னாத்த?"

"என் வயச."

உச்சிமாகாளி பாயசத்தை அண்ணாந்து குடித்து, அடியில் ஒட்டியதை விரலால் வழித்து நக்கினான். "எனக்கு அம்பது மாமு," என்றான். "உன் கதையாச்சும் கேக்க நல்லா இருந்துச்சு." அப்புறம், "அந்தக் கொயந்தை பேரு இன்னா சொன்னே?"

"ரஷீது."

"ஆங். ரஷீது."

உச்சிமாகாளி தெருக்குழாயடிக்குப் போய்த் தூக்கைக் கழுவினான். மறுபடி வாய் வரைக்கும் தண்ணீர் பிடித்துக்கொண்டு வந்து கொடுத்தான். "வவுறு காலியாத்தானே வந்துகீறே? பூராத்தையும் எங்களுக்கே ஊத்திட்டே. இதையாச்சும் குடி."

உள்ளே எட்டு மணிச் சங்கு ஊதியது. மேஸ்திரி வந்து விரலை நீட்ட, கும்பல் அந்தப் பக்கம் நெருக்கியது, உச்சிமாகாளியும் அதில் கலந்தான். சௌக்கத் அலி ஒரு கையில் வில்லையும் ஒரு கையில் தூக்குமாக நின்றான். கழுவியும் போகாத ஒரு சேமியா இழை தண்ணீரில் மெல்லச் சுற்றிக்கொண்டிருந்தது. தூக்கை மூக்குக்கிட்டே கொண்டுபோனவன், அப்படியே அண்ணாந்து வாயில் விட்டுக்கொண்டான். தண்ணீர் தாடியில் வழிந்து, சட்டையை நனைத்து, ராயபுரத்துப் புழுதியில் சொட்டியது.