ஒன்பதாம் இடமும் பத்து மஞ்சள் கட்டைகளும்

ஒன்பதாம் எண் இடத்தில் என்னுடைய பத்து மஞ்சள் நிறப் பிளாஸ்டிக் கட்டைகளை அடுக்கி வைத்துவிட்டுப் போனேன். அரை மணி நேரத்தில் திரும்பி வந்தால், அவற்றின் மேல் எவனுடைய டிரெய்லரோ ஏறி நின்றுகொண்டிருந்தது.

பிளாக் ஹில்ஸ் ஏரிக்கரையில், டிரெய்லர் எனும் சக்கர வீட்டைப் பிக்கப் வண்டியில் கட்டி இழுத்துவந்து தங்கும் இந்த முகாமில் முன்பதிவு கிடையாது. முதலில் வருபவருக்கே இடம். வண்டியை வாசலில் நிறுத்திவிட்டு, உள்ளே நடந்து போய்ப் பார்த்து, பிடித்த இடத்தில் ஒரு நாற்காலியோ ஐஸ் பெட்டியோ வைத்துவிட்டு வருவோம். அதை யாரும் தொட மாட்டார்கள். நான் ரசமட்டத்தை வைத்துப் பார்த்தேன். பதினாறு இடங்களில் ஒன்பதாம் எண் மட்டும்தான் ஓரளவு சமம். இடது பக்கம் இரண்டே அங்குலம் தாழ்வு. இடது சக்கரங்கள் இரண்டும் வந்து நிற்க வேண்டிய இடத்தில், சக்கரத்துக்கு ஐந்து கட்டை வீதம், கீழே மூன்று மேலே இரண்டு என்று படிபோல அடுக்கினேன். பிறகு டெல்மரை அழைத்துவரப் போனேன்.

டெல்மர் என் கணவன். மார்ச் மாதம் இடுப்பு எலும்பு மாற்றினார்கள். வாசல் கழிப்பறைக்கு வாக்கரைத் தள்ளிக்கொண்டு போய்வர அவனுக்கு இருபது நிமிடம் ஆனது. அந்த இருபது நிமிடத்தில்தான் இந்தத் திருட்டு.

கட்டைக்கு இவ்வளவு ஆத்திரமா என்று கேட்பீர்கள். மே மாதம் வெளியே போனபோது டெல்மர் தானே அறுத்து வைத்திருந்த பைன் பலகைகளைத்தான் வண்டி சமமாக நிற்கச் சக்கரத்துக்கு அடியில் கொடுத்தோம். மழை ஈரத்தில் ஒரு பலகை வழுக்கியது. வண்டி ஒரு பக்கம் சாய்ந்தது. காலையில் எழுந்து வந்த டெல்மர் கால் தடுமாறி அடுப்பில் போய் மோதினான். எலும்பு தப்பியது. ஆனால் அன்றே சொல்லிவிட்டான்: "இன்னொரு தடவை தடுமாறினேன்னா வண்டியை வித்துடுவேன், லவோன். கியர்னியில வாங்கறதுக்கு ஆள் ரெடியா இருக்கான்." விற்றால் பிறகு டிவி முன்னால் ஒரு சாய்வு நாற்காலியில் அவன், பக்கத்து நாற்காலியில் நான். அதை நினைத்தாலே எனக்கு மூச்சு முட்டும். அதனால் பலகைகளை விறகாக்கிவிட்டு, ஒன்றோடொன்று கவ்விக்கொள்ளும் இந்தப் பிளாஸ்டிக் கட்டைகளைத் தேடி வாங்கினேன். ஒவ்வொன்றும் ஓர் அங்குலம் தூக்கும். ஈரத்திலும் நழுவாது.

"பிள்ளைங்க விளையாடுற சாமானை வாங்கிட்டு வந்திருக்கா" என்றுதான் டெல்மர் சொன்னான். இப்போது பிக்கப்பில் உட்கார்ந்தபடியே ஜன்னலை இறக்கினான்.

"ஆச்சா? சொன்னேன்ல? பொம்மையை நடுத்தெருவுல வெச்சுட்டு வந்தா எவனாவது எடுத்துக்கத்தான் செய்வான். திருப்பு வண்டியை, வீட்டுக்குப் போவோம்."

"வாயை மூடிட்டு உக்காரு" என்று சொல்லிவிட்டு இறங்கினேன்.

அந்த டிரெய்லர்காரன் பெயர் பிராக் டிட்வெல் என்று பிறகு தெரிந்தது. நாற்பது வயதிருக்கும். கொலராடோ நம்பர் பலகை. புத்தம் புது டிரெய்லர், எங்களுடையதைப் போல ஒன்றரை மடங்கு. பந்தலை விரித்து, கிரில்லைப் பற்றவைத்து, கையில் பீரோடு நின்றான்.

"இது என் இடம்" என்றேன்.

"அப்படியா? உங்க பேரு எங்கயும் எழுதலையே, பெரியம்மா."

"உன் சக்கரத்துக்கு அடியில பாரு. அது என்ன, தானா முளைச்சதா?"

அவன் குனிந்து பார்த்துவிட்டுச் சிரித்தான். "ஓ, இதுவா? முகாம்காரங்க போட்டு வெச்சிருக்காங்கன்னு நெனச்சேன். நல்ல வசதி பண்ணிருக்காங்கன்னு இப்பத்தான் என் பொண்டாட்டிகிட்ட சொன்னேன்."

அவன் வண்டியை ஏற்றியிருந்த விதத்தைப் பார்த்தேன். முன் சக்கரம் மட்டும் கட்டையில், பின் சக்கரம் பாதி அந்தரத்தில். வண்டியின் மொத்தப் பாரமும் விளிம்பில். இது போதாதென்று, வண்டி ஆடாமல் இருக்க மூலையில் கொடுக்கும் முட்டு ஜாக்கியைப் போட்டு முறுக்கி, அதை வைத்தே பின்பக்கத்தைத் தூக்கியிருந்தான்.

"அந்த ஜாக்கி தூக்குறதுக்கு இல்ல, தம்பி. சும்மா அணைச்சு நிக்கத்தான். இப்படி முறுக்கினா சட்டமே வளைஞ்சிடும். நாளைக்குக் கதவு மூடாது."

"இருபது வருஷமா வண்டி ஓட்டுறேன். எனக்கு நீங்க பாடம் எடுக்க வேணாம்."

"இருபது வருஷமா? டயரைப் பாத்தா இருபது நாள் மாதிரி இருக்கு."

அதற்குள் பத்தாம் இடத்துக்காரரும் பதினொன்றாம் இடத்துக்காரரும் மடக்கு நாற்காலிகளை எங்கள் பக்கம் திருப்பிவிட்டார்கள். யாராவது வண்டியைப் பின்னால் எடுத்தாலே இங்கே கூட்டம் கூடிவிடும். சண்டை என்றால் கேட்கவே வேண்டாம்.

முகாமைப் பார்த்துக்கொள்ளும் மைர்னாவை அழைத்து வந்தேன். அவள் கம்பத்தில் செருகியிருந்த பதிவுச் சீட்டை இழுத்துப் பார்த்தாள்.

"லவோன், சீட்டுல அவர் பேர்தான் இருக்கு. சாமானை வெச்சு எடம் புடிக்கறது நம்மளா பண்ணிக்கிட்டது. சட்டத்துல கிடையாது. எடம் அவருக்குத்தான்."

பிராக் பீரை உயர்த்திக் காட்டினான்.

"கட்டை?" என்றேன்.

"கட்டை உன்னோடது. அதுல என்ன சந்தேகம்? மிஸ்டர், அதைக் குடுத்துடுங்க."

"குடுக்கறேனே. ஞாயித்துக்கிழமை கிளம்பும்போது வாங்கிக்கட்டும். இப்ப எல்லாத்தையும் மடக்கி, கொக்கி மாட்டி, வண்டியை நகத்தி... வேற வேலை இல்லையா எனக்கு?"

மைர்னா தோளைக் குலுக்கினாள். "நான் சொல்லிட்டேன். கையைப் புடிச்சு இழுக்க என்னால முடியாது."

காலியாக மிச்சம் இருந்தது பதினான்காம் இடம் மட்டும். முகாமிலேயே மோசமான சரிவு அதுதான். கட்டையே இல்லாமல் அங்கே போய் நின்றால், டெல்மர் படுக்கையிலிருந்து எழுந்த நிமிடமே விழுவான். விழுந்த நிமிடமே கியர்னிக்குப் போன் போடுவான். பிக்கப்பில் ஹாரன் இரண்டு தடவை அடித்தது. அவன் இப்போதே தயார்.

நான் வண்டியிலிருந்து என் மடக்கு நாற்காலியை எடுத்தேன். அடுத்தவர் இடத்துக்குள் குறுக்கே நடப்பதையே இங்கே யாரும் பொறுக்க மாட்டார்கள். நான் நேராக உள்ளே போய், பிராக்கின் பந்தலுக்கு அடியில், அவன் கிரில்லுக்குப் பக்கத்தில் நாற்காலியை விரித்து உட்கார்ந்தேன்.

"ஏய்! என்ன பண்றீங்க?"

"உக்காந்திருக்கேன். என் கட்டை இங்க இருக்கு. நானும் இங்கதான் இருப்பேன். அந்த சாஸேஜ் கருகுது பாரு."

"எந்திரிங்க. போலீஸைக் கூப்பிடுவேன்."

"கூப்பிடு. திருட்டுச் சாமான் மேல ஏறி நிக்கிறேன்னு நீயே சொல்லு, எனக்கு ஒரு வேலை மிச்சம்."

பத்தாம் இடத்துக்காரர் உரக்கச் சிரித்தார். "அந்தம்மா எந்திரிக்கிற மாதிரி தெரியல!" என்று யாரோ கத்தினார்கள். பிராக்கின் கழுத்து சிவந்தது. பதினைந்து நிமிடம் அவன் என்னைச் சுற்றிச் சுற்றி வந்தான். நான் அவன் சாஸேஜைத் திருப்பிப் போட்டேன்.

கடைசியில் டிரெய்லர் கதவு திறந்தது. அவன் மனைவி ஷானா. அவள் என்னைப் பார்க்கவே இல்லை.

"பிராக், ஊரே வேடிக்கை பாக்குது. கட்டையை எடுத்துக் குடு. நம்ம கட்டையை கேரேஜ்லயே மறந்துட்டு வந்தது யாரு? அந்தம்மாவா?"

பிராக் பீர் டப்பாவை நசுக்கி எறிந்தான். பந்தலைச் சுருட்டினான், கொக்கியை மாட்டினான், வண்டியை ஓர் உறுமலோடு முன்னால் இழுத்தான். படீர் படீரென்று சத்தம். பத்தில் மூன்று கட்டைகள் விரிசல் விட்டன.

"எடுத்துட்டுப் போய்த் தொலைங்க" என்றான்.

"முதல்ல உன் சக்கரத்துக்கு ஆப்பு வை. இல்லேன்னா ஏரிக்குள்ளதான் போய் நிப்பே" என்றேன். அக்கறையால் அல்ல. அவன் என் பேச்சைக் கேட்டு நடக்க வேண்டிவரும் என்பதற்காகச் சொன்னேன். அவனும் வைத்தான்.

பதினான்காம் இடத்துக்குப் போனோம். ரசமட்டத்தை வைத்தேன். வழக்கமான மாதிரி நிறுத்தினால் இடது பக்கம் ஐந்து அங்குலம் பள்ளம். ஏழு கட்டையில் அது நடக்காது.

"அவ்வளவுதான்" என்றான் டெல்மர். குரலில் ஒரு திருப்தி. "மணி நாலுதான் ஆகுது. இப்பக் கிளம்பினா ராத்திரிக்குள்ள வீடு."

நான் சரளைத் தரையைச் சுற்றி நடந்தேன். இடம் மோசம், ஆனால் அகலம். பக்கவாட்டுச் சரிவுக்குத்தான் சக்கரத்துக்குக் கட்டை வேண்டும். வண்டியையே குறுக்கே திருப்பி, கொக்கி மாட்டும் மூக்கு பள்ளத்தைப் பார்க்க நிறுத்திவிட்டால்? அப்போது சரிவு முன்பின்னாக மாறிவிடும். முன்பின் சரிவை மூக்கில் இருக்கும் ஜாக்கியே பார்த்துக்கொள்ளும்.

நான்கு தடவை முன்னும் பின்னும் எடுத்தேன். "இடிக்கப் போறே, இடிக்கப் போறே" என்று டெல்மர் நான்கு தடவையும் சொன்னான். எதிலும் இடிக்கவில்லை. கொக்கியைக் கழற்றும் முன்னால் நான்கு சக்கரங்களுக்கும் ஆப்பை அறைந்தேன். ஜாக்கியின் பாதத்துக்குக் கீழே நான்கு கட்டைகளை இரண்டு அடுக்காகக் கொடுத்தேன். கைப்பிடியைச் சுற்றினேன், சுற்றினேன், தோள் கழன்றுவிடும்போல. மூக்கு மெல்ல மெல்ல எழுந்தது. கண்ணாடிக்குள் குமிழி நகர்ந்து நடுவில் வந்து நின்றது. மூலை ஜாக்கிகளைத் தரையில் பட்டும் படாமல் இறக்கினேன். மூன்று நல்ல கட்டைகள் மிச்சமாகவே இருந்தன.

டெல்மர் வாக்கரோடு படியேறி உள்ளே போனான். நான் வெளியே நின்று காலடிச் சத்தத்தை மட்டும் கேட்டேன். படுக்கை வரை. திரும்ப அடுப்பு வரை. குறை சொல்ல ஏதாவது கிடைக்குமா என்று தேடுகிறான். ரொம்ப நேரம் கழித்துக் குரல் வந்தது. "ஜன்னல்ல தூசி."

அப்போது பிராக் வந்தான். கையில் இரண்டு பீர். முகத்தில் ஒரு சிரிப்பு.

"என்ன பெரியம்மா, செட்டில் ஆயிட்டீங்களா? ஒண்ணுமில்ல, எங்க வண்டி இப்ப கொஞ்சம் சாயுது. ஷானா முட்டை உடைக்கப் போனா, முட்டை உருண்டு தரைக்கே போயிடுச்சு. உங்ககிட்ட மூணு கட்டை சும்மாதானே கிடக்கு..."

நான் வாயைத் திறக்கும் முன்னால் எனக்குப் பின்னால் கதவு சுவரில் அறைந்தது.

"அவன் கையில ஒரு கட்டை குடுத்தே, நடக்கறதே வேற!"

டெல்மர் வாசலில் நின்றான். இறங்கினான். ஒரு படி, இரண்டாவது படி, சரளைத் தரை. வாக்கர் உள்ளேயே கிடந்தது.

"என் பொண்டாட்டி பாத்துப் பாத்து வாங்கின கட்டைடா அது! மூணை நசுக்கிட்டு, மிச்சத்தையும் கேக்க வர்றியா? இருபது வருஷம் ஓட்டுனவனுக்கு எதுக்குடா கட்டை? சாஞ்சே படு! உருண்டு விழு!"

"சார், நான் நல்லபடியாத்தான் கேட்டேன்..."

"நான் நல்லபடியாத்தான் சொல்றேன். போ!"

பிராக் இரண்டு பீரோடும் திரும்பிப் போனான். டெல்மர் அவன் முதுகையே பார்த்தபடி நின்றான். மூச்சு வாங்கியது, கால்கள் தடுமாறவில்லை. நான் எதையும் கவனித்ததாகக் காட்டிக்கொள்ளவில்லை. நாற்காலியை மட்டும் அவன் பக்கம் தள்ளிவைத்தேன். அவன் உட்காரவில்லை.

"அவன் என்னிக்குக் கிளம்புறானாம்?"

"ஞாயித்துக்கிழமை."

"அப்ப நாம திங்கக்கிழமை கிளம்புவோம்" என்றான் டெல்மர். "அவன் வண்டிக் கதவு மூடுதா இல்லையான்னு நான் பாக்கணும்."