திருகாணியில் இரண்டு சுற்று

கட்டிலுக்கு அடியில் பாதி உடம்பை நுழைத்துக் கையால் துழாவிக்கொண்டிருந்தார் கண்ணாடிக்காரர். ஒற்றைச் செருப்பு ஒன்று, பேனா மூடி ஒன்று, கோல்ஃப் பந்து ஒன்று, மறுபடியும் அதே செருப்பு. தேடிய சாமான் மட்டும் அகப்படவில்லை. பின்னால் கதவு திறக்கிற சத்தம் கேட்டதும் பதறிப்போய்த் தலையைத் தூக்கினார். கட்டில் சட்டம் உச்சந்தலையில் நங்கென்று இடித்தது.

"மாமா?"

தங்கையின் மகள் நின்றிருந்தாள். அழுது அழுது முகம் வீங்கியிருந்தது.

"ஹால்ல எல்லார் முன்னாடியும் அழ முடியலன்னு இங்க வந்துட்டீங்களா?"

திருடனுக்குத் தேள் கொட்டினால் கத்தவா முடியும்? இடித்த வலியில் அவருக்குக் கண்ணில் நீர் நிறைந்துதான் இருந்தது. அதையே சாட்சியாக வைத்துக்கொண்டு, "ஆமாம்மா" என்றார். அவள் அவர் முதுகைத் தடவிக்கொடுத்தாள். தலையில் பட்ட அடியைவிட அது அதிகமாக வலித்தது.

ஹாலில் அவளுடைய அப்பா பெட்டிக்குள் படுத்திருந்தார். ஊரில் பாதிப் பேருக்குக் கார் ஓட்டக் கற்றுக்கொடுத்தவர். அதனால் எல்லோருக்கும் வாத்தியார். கண்ணாடிக்காரருக்கு மட்டும் தங்கையைக் கட்டிய மாப்பிள்ளை. அடுத்தவர் காரில் சும்மா உட்கார்ந்து வந்தாலும், அவருடைய வலது கால் அங்கே இல்லாத பிரேக்கைத் தேடித் தேடி மிதிக்கும். நேற்றுக் காலையோடு அந்தக் கால் ஓய்ந்தது.

கண்ணாடிக்காரர் தேடியது ஒரு கைப்பட்டை. முழங்கைக்கு மேலே ஒன்று, கீழே ஒன்று என்று கட்டிக்கொள்ள வேண்டும். நடுவில் ஒரு கீல். கோல்ஃப் மட்டையை வீசும்போது இடது கை மடங்கினால் அந்தக் கீல் 'டக்' என்று சத்தம் போட்டுக் காட்டிக்கொடுத்துவிடும். எவ்வளவு மடங்கினால் சத்தம் வர வேண்டும் என்பதைப் பக்கத்தில் இருக்கும் ஒரு சின்னத் திருகாணி முடிவு செய்யும். வீட்டில் அதற்கு டக்குப்பட்டை என்று பேர். மாப்பிள்ளை தினமும் காலையில் அதைக் கட்டிக்கொண்டு, வீட்டுக்குப் பின்னால் இருக்கும் புல்தரையில் நின்று, பந்தே இல்லாமல் இருநூறு வீச்சு வீசுவார். பார்க்க வந்தவர்களிடம், "உள்ள உக்காருங்க, அவரு கொசு அடிச்சிட்டு வந்துருவாரு" என்பாள் தங்கை.

ஞாயிற்றுக்கிழமையானால் மச்சானும் மாப்பிள்ளையும் ஊர்க்கோடியில் இருக்கும் ஒன்பது குழி மைதானத்துக்குப் போவார்கள். தோற்றவர், ஜெயித்தவரின் மட்டைப் பையை வண்டி வரைக்கும் தூக்கி வர வேண்டும். பத்தொன்பது வருஷமாகக் கண்ணாடிக்காரர்தான் தூக்கினார். முதல் வருஷம் காற்றைக் குறை சொன்னார், அடுத்த வருஷம் புல்லை, அதற்கடுத்த வருஷம் தன் மட்டையை. ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்ற கதைதான். அப்புறம் குறை சொல்ல ஒன்றும் மிச்சமில்லாமல் போகவே வாயை மூடிக்கொண்டு தூக்கினார். மாப்பிள்ளையாவது சும்மா வரக்கூடாதா? "மச்சான், பை பத்திரம். உள்ள இருக்கிறது ஜெயிச்ச மட்டை" என்பார். மாமன் மச்சானுக்குள் இருக்கிற கிண்டல்தான், தப்பொன்றும் இல்லை. ஆனால் பத்தொன்பது வருஷக் கிண்டல் மனசுக்குள் ஒரு மூலையில் சேர்ந்துகொண்டே வந்தது.

இரண்டு வாரத்துக்கு முன் மாப்பிள்ளை டக்குப்பட்டையோடு மச்சானின் மூக்குக்கண்ணாடிக் கடைக்கு வந்தார். கீல் ஆடுகிறதாம். "ஊர்ல இருக்கிறவன் மூக்குக்கண்ணாடியை எல்லாம் முடுக்குறியே, இதைக் கொஞ்சம் முடுக்கிக் குடு மச்சான்" என்றார். கண்ணாடிக்காரர் முடுக்கினார். ஆட்டம் நின்றது. அதோடு விட்டிருக்கலாம். மாப்பிள்ளை விற்பனைக்கு வைத்திருந்த கறுப்புக் கண்ணாடிகளை ஒவ்வொன்றாக மாட்டி அழகு பார்த்துக்கொண்டிருந்தார். அந்த நேரம் பார்த்துப் பக்கத்துத் திருகாணியையும் இரண்டு சுற்றுத் தளர்த்திவிட்டார் கண்ணாடிக்காரர். இனி கை நன்றாக மடங்கினாலும் பட்டை வாயைத் திறக்காது. முப்பது வருஷத் தொழிலில் எவன் கண்ணாடியிலும் அவர் கோணல் வைத்ததில்லை. கடன்காரனுக்குக்கூட நேராகத்தான் மாட்டிவிட்டிருக்கிறார்.

அடுத்த ஞாயிறு மழை கொட்டியது, ஆட்டம் இல்லை. அதற்கடுத்த ஞாயிறு, அதாவது மூன்று நாளைக்கு முன், மாப்பிள்ளை அடித்ததில் மூன்று பந்து குளத்துக்குள் போயின. கண்ணாடிக்காரர் ஜெயித்தார். மாப்பிள்ளை விசிலடித்துக்கொண்டே அவர் பையைத் தூக்கிக்கொண்டு வந்தார். செவ்வாய்க்கிழமை காலை, டக்குப்பட்டையைக் கட்டிய கையோடு புல்தரையில் விழுந்து செத்துப்போனார்.

மாரடைப்பு என்றார் டாக்டர். ஒரு நிமிஷம்கூட ஆகியிருக்காது என்றும் சொன்னார். கண்ணாடிக்காரர் அதை நம்பவில்லை. தோற்ற ரோஷத்தில் மனுஷன் இருநூறு வீச்சை நானூறாக்கியிருப்பார், இதயம் தாங்கவில்லை என்று தனக்குத் தானே தீர்ப்பு எழுதிக்கொண்டார். இப்போது அந்தப் பட்டை வேறு யார் கையிலாவது சிக்கி, திருகாணி தளர்ந்திருப்பது தெரிந்து, யார் தளர்த்தியது என்று கேள்வி வந்தால்? அப்புறம் எந்த முகத்தோடு தங்கை வீட்டு வாசற்படியை மிதிப்பது?

ஹாலுக்கு வந்தபோது பக்கத்து வீட்டு ஸ்டேஷன் மாஸ்டர் பேசிக்கொண்டிருந்தார். வேலையிலிருந்து ஓய்வுபெற்றவர், அறிவிப்புச் செய்வதிலிருந்து மட்டும் ஓய்வுபெறாதவர்.

"கை உடைஞ்சிருக்குங்க. பட்டை போட்டு இறுக்கிக் கட்டியிருந்தாரே, ஆம்புலன்ஸ்ல ஏத்தும்போது என் கண்ணால பார்த்தேன். வீட்ல கூட சொல்லாம மறைச்சிருக்காரு. அந்த வலிதான் அப்படியே நெஞ்சுக்கு ஏறிடுச்சு."

இதைக் கேட்டவர்கள் எல்லாம் பெட்டியருகே போய் முதலில் இடது கையைத்தான் பார்த்தார்கள். ஒரு கிழவர் குனிந்து, "வீக்கம் வடிஞ்சிருக்கு" என்று திருப்தியாகச் சொல்லிவிட்டுப் போய் உட்கார்ந்தார். உண்மையைச் சொன்னால் பட்டையைப் பற்றிப் பேச்சு வரும். எனவே கண்ணாடிக்காரர் வாயைத் திறக்கவில்லை. எலும்பு முறிவு ஊர் முழுக்க உறுதியாயிற்று.

மருந்துக்கடை வைத்திருக்கும் பெண் மூக்கைத் துடைத்துக்கொண்டு தங்கையிடம் சொன்னாள்: "முதல் நாளே மெயின் ரோட்டுல விட்டுட்டாருங்க என்னை. ஒரு தடவைகூட வண்டி நிக்கல. 'உனக்குப் பொறக்கும்போதே லைசென்ஸ் குடுத்திருக்காங்க'ன்னாரு. வீட்டுக்குப் போய் ஊரையே கூட்டிப் பெருமை அடிச்சேன். மூணு மாசம் கழிச்சுத்தான் தெரிஞ்சுது, அவரு பக்கமும் ஒரு கிளட்ச்சு, பிரேக்கு இருக்குன்னு. அன்னைக்கு முழுக்க அவருதான் மிதிச்சிருக்காரு."

தங்கை லேசாகச் சிரித்தாள். நேற்றிலிருந்து அதுதான் முதல் சிரிப்பு.

அந்த நேரத்தில் மகள் ஒரு பிளாஸ்டிக் பையோடு வந்தாள். ஆஸ்பத்திரியில் கொடுத்தது. உள்ளே கைக்கடிகாரம், சாவி, அதற்கடியில் டக்குப்பட்டை.

"மாமா, இதை அப்பா கையில கட்டியே அனுப்பலாம்னு அம்மா சொல்றாங்க. நீங்க கட்டிவிடுறீங்களா?"

கண்ணாடிக்காரர் பைக்குள் எட்டிப் பார்த்தார். அந்தத் திருகாணியோடு போனால், போகிற இடத்திலும் மனுஷனுக்குப் பந்து குளத்துக்குள்தானே விழும்?

"குடும்மா. மண்ணா இருக்கு, துடைச்சுட்டுக் கட்டுறேன்" என்று பறிக்காத குறையாக வாங்கிக்கொண்டு சமையலறைக்குள் போனார்.

ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். சட்டைப்பையில் எப்போதும் இருக்கும் சின்னத் திருப்புளியை எடுத்தார். இரண்டே சுற்று. முடுக்கிவிட்டால் குற்றமும் இல்லை, தடயமும் இல்லை. திருப்புளியை வைத்துத் திருகினார். திருகாணி அசையவில்லை.

மூக்குக்கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு, கண்ணுக்கு அருகே கொண்டுபோய்ப் பார்த்தார். திருகாணி ஏற்கெனவே முடுக்கித்தான் இருந்தது, பழைய இடத்தில், மயிரிழை பிசகாமல். ஆனால் அதன் தலையில் இருந்த பள்ளம் கன்னாபின்னாவென்று சிதைந்திருந்தது. அவர் கை பட்ட திருகாணி ஒருநாளும் அப்படி ஆகாது. எவனோ சம்பந்தமில்லாத ஆயுதத்தை வைத்துத் திருகியிருக்கிறான்.

"அண்ணே."

தங்கை உள்ளே வந்து கதவை ஒருக்களித்தாள். அவர் கையில் இருந்த திருப்புளியைப் பார்த்தாள். பிறகு பாத்திரம் வைக்கும் இடத்திலிருந்து பழம் நறுக்குகிற கத்தியை எடுத்து நீட்டினாள். அதன் முனை கொக்கி மாதிரி வளைந்திருந்தது.

"இதை வச்சுத்தான் திருகுனாரு. போன சனிக்கிழமை. என் கத்தி போச்சு."

கண்ணாடிக்காரர் கத்தி முனையையும் திருகாணியையும் மாறி மாறிப் பார்த்தார். "சனிக்கிழமையா? ஆட்டத்துக்கு முதல் நாளா?"

"ஆமா. காலையில இருந்து அந்தக் கதவு நிலையில பட்டை கட்டின கையை வச்சு வச்சு அளந்துக்கிட்டே இருந்தாரு. திடீர்னு சிரிக்க ஆரம்பிச்சவரு நிறுத்தவே இல்ல. இருமலே வந்துருச்சு. என்னன்னு கேட்டா, 'உங்கண்ணன் கைவேலைடீ, பத்தொன்பது வருஷம் கழிச்சு இப்பதான் அவனுக்கு மூளை வேலை செஞ்சிருக்கு'ன்னாரு."

"உனக்குத் தெரியுமா அப்ப?"

"தெரியாம? நேத்துலேருந்து நீ வீடு பூரா தேடுறதைப் பார்த்துக்கிட்டுத்தானே இருக்கேன். நீயா வந்து சொல்லுவேன்னு இருந்தேன். கட்டிலுக்கு அடியில எல்லாம் போவேன்னு நினைக்கல."

அவர் அங்கிருந்த முக்காலியில் உட்கார்ந்தார். வெட்கத்தில் காது மடல் சூடாகிவிட்டது. ஐம்பத்தெட்டு வயதில், பிடிபட்ட திருட்டுப் பூனையைப் போல.

"நான்தான் அவரைக் கொன்னுட்டேன்னு நினைச்சேன்ம்மா. தோத்த கோபத்துல..."

"கோபமா? அவருக்கா?" தங்கை கத்தியைக் கழுவுகிற மாதிரி குழாயைத் திறந்து, மூடினாள். "ஞாயித்துக்கிழமை வந்ததும் வராததுமா பொண்ணுக்குப் போன் போட்டு, 'உங்க மாமன் ஜெயிச்சுட்டான், உங்க மாமன் ஜெயிச்சுட்டான்'னு ஒரே கூத்து. நான்கூடத் திட்டினேன், தோத்துட்டு வந்து என்ன சந்தோஷம்னு. அதுக்குச் சொன்னாரு, 'வருஷக்கணக்கா எனக்கு ஒரே பயம்டீ. ஒருநாள் வெறுத்துப்போய் இனிமே வரலன்னு சொல்லிருவானோன்னு. ஒரு தடவை ஜெயிச்சான்ல, இன்னும் பத்தொன்பது வருஷம் வருவான்'னாரு."

கண்ணாடிக்காரர் அழுதார். இந்தத் தடவை தலையில் எதுவும் இடிக்கவில்லை. முழங்கையில் முகத்தைப் புதைத்துக்கொண்டு, தோள் குலுங்க, சத்தம் வராமல் அழுதார். தங்கை நின்றபடியே அவர் தலைமேல் கையை வைத்துக்கொண்டிருந்தாள். அவளுக்கும் அழுகை வந்தது. ஹாலில் ஸ்டேஷன் மாஸ்டர் புதிதாக வந்த யாருக்கோ எலும்பு முறிவை ஆரம்பத்திலிருந்து சொல்லிக்கொண்டிருந்தார்.

கொஞ்ச நேரம் கழித்து நிமிர்ந்து, "அப்ப அன்னைக்கு எனக்காகத் தோத்துக் குடுத்தாரா? இல்ல நிஜமாவே தோத்தாரா?" என்று கேட்டார்.

"எனக்கென்னண்ணே தெரியும்? அந்த ஆட்டத்துல எது நல்ல அடி, எது கெட்ட அடின்னே எனக்குத் தெரியாது."

அவர் மறுபடியும் யோசித்தார். பத்து நாளாக மடங்கிப் பழகிய கை, ஒரே நாளில் நேராகாது. அப்படியானால் நிஜத் தோல்வி. ஆனால் கடைசிப் பந்து குளத்துக்குள் விழுந்தபோது மாப்பிள்ளை அதைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லையே? கேட்டுத் தெளிய வேண்டிய ஆள் ஹாலில் பேசாமல் படுத்திருந்தார். கண்ணாடிக்காரர் போய், சட்டைக் கையைச் சுருட்டி, டக்குப்பட்டையை இறுக்காமல் தளர்த்தாமல் கட்டிவிட்டார். அதைப் பார்த்த கிழவர், "உடைஞ்ச கைக்கு இப்ப கட்டி என்ன பிரயோஜனம்?" என்று பக்கத்தில் இருந்தவரிடம் கேட்டார்.

வண்டி வந்தது. முன்வாசல் நடை, மாடிப்படிக்குப் பக்கத்தில் வளைகிற இடத்தில் பெட்டி திரும்பாது என்று தெரிந்ததும், சமையலறை வழியாகப் பின்பக்கச் சந்துக்குக் கொண்டுபோவதென்று முடிவாயிற்று. தூக்கிய ஆறு பேருமே வாத்தியாரிடம் ஓட்டக் கற்றவர்கள். எனவே ஆறு பேரும் ஓட்டினார்கள்.

"லெஃப்ட்ல ஒடிங்க, லெஃப்ட்ல!"

"முதல்ல ரிவர்ஸ் வாங்கப்பா, அப்புறம் ஒடிக்கலாம்!"

"பின்னாடி ஃபிரிட்ஜ் இருக்கு, பார்த்து! பின்னாடி பார்க்காம ரிவர்ஸ் எடுக்கலாமா?"

"மெதுவா, மெதுவா... அரை கிளட்ச்சுல வாங்க" என்று மருந்துக்கடைப் பெண் அழுகையினூடே சொன்னாள். மூன்றாவது முயற்சியில் பெட்டி எங்கும் உரசாமல் கதவைத் தாண்டியது.

கண்ணாடிக்காரர் முன்னால் இறங்கி வழி காட்டினார். புல்தரைக்கு அந்தப் பக்கம், திறந்த கேட்டுக்கு வெளியே வண்டி நின்றிருந்தது. புல் நன்றாகத்தான் வளர்ந்திருந்தது. நடுவில் மட்டும், தோள் அகலத்துக்கு இடைவெளி விட்டு, பாதம் வைக்கிற அளவில் இரண்டு மொட்டை இடம். ஒரு புல் இல்லாமல் மண் வழுவழுவென்று தேய்ந்திருந்தது. இடது பாதத்தின் இடம் வெளிப்பக்கமாகக் கொஞ்சம் திரும்பியிருந்தது.

அவர் சட்டென்று இரண்டு கைகளையும் விரித்து நிறுத்தினார்.

"நேரா வராதீங்க. வேலியோரமா சுத்தி வாங்க."

"நேரா போனா பத்தடிங்க" என்றார் பின்னால் வந்த ஸ்டேஷன் மாஸ்டர். "எதுக்குச் சுத்தணும்?"

"ஈரமா இருக்கு. கால் வழுக்கும்."

மழை பெய்து பத்து நாளாகியிருந்தது. தரை காய்ந்து வெடிக்கிற பதத்தில் இருந்தது. ஸ்டேஷன் மாஸ்டர் குனிந்து தரையைப் பார்த்தார், நிமிர்ந்து கண்ணாடிக்காரரின் முகத்தைப் பார்த்தார். பிறகு தூக்கியவர்களிடம் திரும்பி, "ஆமாப்பா, வழுக்கும். சுத்தியே போங்க" என்றார்.

ஆறு பேரும் வேலியை ஒட்டி, ஒருவர் பின் ஒருவராகக் கால் எடுத்து வைத்து, சுற்றிக்கொண்டு போனார்கள்.