பதினான்கு நாளில் அங்கீகாரம்

அன்று காலை சுஹைர் வீட்டில் கடைசியாகச் செய்தது, நான் மினுக்கி வைத்த சட்டையைக் கழற்றிவிட்டுக் கொலர் கிழிந்ததைப் போட்டதுதான்.

"நல்ல சட்டையக் கண்டா கந்தோர்ல இரக்கம் வராது, குல்சூம்."

ஏழு மாதமாகக் கிழிசலுக்கும் இரக்கம் வந்திருக்கவில்லை.

யுத்தம் முடிந்து வடக்குப் பாதை திறந்ததும், கற்பிட்டியில் எங்கள் கருவாட்டு வாடியின் பங்காளிகள் இருவருக்கும் சண்டை வந்தது. சரக்கை வவுனியாவுக்கு ஏற்றச் சொன்னவர் உடப்புக் கேதீஸ்வரன். கொழும்பை விடமாட்டேன் என்றவர் என் கணவர் சுஹைர். வாடியைப் பாதியாகப் பிரிக்க உடன்படிக்கை எழுதினார்கள். கடற்றொழில் திணைக்களம் அதை அங்கீகரிக்கும்வரை கதவில் ஆளுக்கொரு பூட்டு. ஒருவர் இல்லாமல் மற்றவர் திறக்க முடியாது.

அங்கீகாரம் வரவில்லை. செவ்வாய்தோறும் இருவரும் புத்தளம் கந்தோருக்குப் போனார்கள். முதல் மாதம் பஸ்ஸில் ஒருவர் முன்னால், ஒருவர் பின்னால். மூன்றாம் மாதம் ஒரே சீட். ஐந்தாம் மாதம் என் இடியப்பத்தில் பாதி கேதீஸ்வரனுக்குப் போனது. பிரிவதற்காக ஒன்றாய் அலைந்தே பழையபடி ஒட்டிக்கொண்டார்கள். அதைச் சொல்லத்தான் இருவருக்கும் வெட்கம்.

அந்தச் செவ்வாய் கந்தோரில் 'தாமதக் குறைப்புத் திட்டம்: பதினான்கு நாளில் அங்கீகாரம்' என்று பலகை தொங்கியதாம். எழுதுவினைஞர் பிரியந்தினி ஒரு படிவத்தை நீட்டினாள்.

"ஏன் தாமதம் எண்டு எழுதித் தாங்க."

"சுணக்கினது நீங்க, எழுதுறது நாங்களா மகள்?"

"ஓம் ஐயா. எங்களுக்கு நேரமில்லை."

சுஹைர் எழுதினார்: 'எங்கள் கோப்புக்கு மேல் உங்கள் சோற்றுப் பெட்டி இருக்கிறது.'

பெட்டி நகர்ந்தது.

திரும்பும் பஸ் பாலாவி தாண்டியதும் அவர் கேதீஸ்வரனின் தோளில் சாய்ந்தார்.

"நித்திரை எண்டு நெனச்சன் ராத்தா. எழுப்பக் கூடாதெண்டு கற்பிட்டி வரைக்கும் அசையாம இருந்தன்" என்று பிறகு கேதீஸ்வரன் என்னிடம் சொன்னார்.

திட்டம் பொய் சொல்லவில்லை. பதினான்காம் நாள் அங்கீகாரம் வந்தது. இன்னும் பதினான்கு நாளுக்குள் கேதீஸ்வரனும் சுஹைரின் வாரிசான நானும் வந்து ஒப்பமிட வேண்டும், இல்லையேல் உடன்படிக்கை ரத்து. நானோ இத்தாவில் இருந்தேன். நாலு மாதமும் பத்து நாளும் விதவை வீட்டை விட்டுப் போகக்கூடாது. அவசரமென்றால் போகலாம் என்று மௌலவி சொல்லியனுப்பினார். எனக்கு அவசரம் எதுவும் இருக்கவில்லை.

வாடியைத் திறக்கச் சுஹைரின் பூட்டுத் திறப்பை வாங்கத் தினமும் காலையில் வரும் கேதீஸ்வரனிடம் ஒருநாள் கதவுக்கு உள்ளிருந்து கேட்டேன்.

"தம்பி, நீங்க போய் ஒப்பம் வெச்சீங்களா?"

"கந்தோர்ல இருந்து கோல் எடுத்தாங்க ராத்தா. எனக்கும் இத்தா எண்டு சொல்லிட்டன்."

"பைத்தியமா? அது பொம்புளயளுக்கு!"

"அந்தப் பிள்ளையும் அதைத்தான் சொன்னா. சுஹைர் நானாவோட ஒரே சீட்டில இவ்வளவு நாள் போயிருக்கன், எனக்கு இல்லையா எண்டு கேட்டன்."

வெள்ளை உடுப்போடு நான் சத்தமாகச் சிரித்துவிட்டேன். பக்கத்து வீட்டு மர்ளியாவுக்குக் கட்டாயம் கேட்டிருக்கும்.

பதினைந்தாம் நாள் கோப்பை மூடினார்கள். ஒரு தாமதம் தீர்ந்ததாகக் கணக்குக் காட்டியிருப்பார்கள்.

இத்தா முடிந்த பிறகும் வாடிக் கதவில் அதே இரண்டு பூட்டு. காலையில் கேதீஸ்வரன் தன்னுடையதைத் திறந்துவிட்டு, நான் வரும்வரை நிற்பார்.